நோயாளியின் வீட்டைக் குறிக்க வேண்டாம், வரும் வழியைக் குறியுங்கள்

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய தன்னார்வக் குழு. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்கள் நடத்துகிறோம். சில தெருக்களில் இருந்து யாருமே வருவதில்லை. நோயாளிகளின் வீடுகளைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எந்தச் செயலி நல்லது?

பதில்: செயலி அப்புறம். வீடுகளைக் குறிக்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். பெயரை நீக்கினாலும், கூரை மேல் ஒரு புள்ளி இருந்தால் அது யார் வீடு என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். சர்க்கரைதானே என்று இன்று தோன்றும். நாளை அதே வரைபடத்தில் காசநோயும் ஏறும். தவிர, உங்களுக்குத் தெரிய வேண்டியது ஏன் வரவில்லை என்பது. அதற்கு நோயாளியின் முகவரி உதவாது.

குறிக்க வேண்டியவை வேறு: முகாம் நடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, விளக்கில்லாத தெரு, கடக்க முடியாத சாலை.

1854 லண்டன் காலராவின்போது, இறப்புகள் நடந்த இடங்களைக் குறித்து மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த வரைபடத்தைப் பலரும் அறிவார்கள். அதன் திருத்திய வடிவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோய்க்குக் காரணம் என்று அவர் சந்தேகித்த பிராட் தெரு தண்ணீர்ப் பம்புக்கும் மற்ற பம்புகளுக்கும் நடந்துபோக ஒரே தூரமாகும் இடங்களை இணைத்து அதில் ஒரு கோடு போட்டார். அளந்தது தெரு வழியே நடக்கும் தூரத்தை. இன்றைய குழுக்கள் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன. முகாமைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் முகாம் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நடுவில் தடுப்புச்சுவர் வைத்த நெடுஞ்சாலை இருந்தால், 300 மீட்டரில் இருக்கும் மூட்டுவலிக்காரர் ஒரு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். அவர் எப்படி வருவார்?

அடுத்தது எண்ணிக்கை. ஒரு தெருவில் இருந்து 40 பேர், இன்னொன்றில் இருந்து 10 பேர் வந்தார்கள் என்றால், எண்ணிக்கையை வைத்து நிறம் தீட்டிய வரைபடத்தில் முதல் தெரு அடர்த்தியான நிறத்தில் தெரியும். ஆனால் முதல் தெருவில் பெரியவர்கள் 400 பேர், மற்றதில் 20 பேர் என்றால்? 10 சதவீதம், 50 சதவீதம், படம் தலைகீழாகிவிடும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கணக்கிட்ட பிறகே நிறம் தீட்டுங்கள்.

சரி, கருவிகள். அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், களத்தில் தகவல் சேகரிக்க இணையம் இல்லாமலும் இயங்கும் கோபோடூல்பாக்ஸ், சேகரித்ததை வரைபடமாகக் காட்ட யூமேப். உங்கள் அளவுக்கு இவை போதும். கியூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளும் இலவசம்தான், ஆனால் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வரை பிசகும், உயரமான கட்டடங்களுக்கு இடையே இன்னும் அதிகம். புள்ளி எதிர்த்தெருவில் விழுந்தால் கையால் நகர்த்திவிடுங்கள்.

வீட்டு இருப்பிடம் தவிர்க்கவே முடியாது என்றால், சம்மதம் வாங்கிக்கொண்டு, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை புள்ளிக்குப் பின் மூன்று தசம இலக்கங்களோடு நிறுத்துங்கள். சுமார் 100 மீட்டர் துல்லியம்தான் மிஞ்சும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் அதுவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கே தெருவாரியாகத் தொகுத்துவிடுவதே நல்லது.

வரைபடம் தயாரானதும் பெரிய தாளில் அச்சடித்து, முகாமுக்கு வராத தெருக்காரர்கள் முன் விரித்து, கையில் பேனாவைக் கொடுங்கள். "இந்த வழியில் சாயங்காலம் நாய்த்தொல்லை", "அந்த வாசலில் சக்கர நாற்காலி ஏறாது" என்றெல்லாம் எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. அவர்கள் சொன்னதை வைத்து முகாமின் இடத்தையோ நேரத்தையோ மாற்றிவிட்டு, அடுத்த முகாம் முடிந்ததும் அதே சதவீதங்களை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.