கட்டண உறுப்பினர் ஆவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

வாசகி ஒருவர் தம் நிலையை விரிவாக எழுதி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிக்கு மொழிபெயர்த்து வரும் அவர், மொழிபெயர்ப்பாளர்களுக்கான இணையதளம் ஒன்றில் எட்டு மாதங்களாக இலவச உறுப்பினராக இருக்கிறார். 40 வேலைகளுக்கு விண்ணப்பித்ததில் இரண்டுக்கு மட்டுமே பதில் வந்திருக்கிறது. ஆண்டுச் சந்தாவுக்கான சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்று தளத்திலிருந்து நாள்தோறும் மின்னஞ்சல் வருவதால், பணம் கட்டினால் வேலை வருமா என்று கேட்கிறார். தம்முடைய கட்டணக் கணக்கின் வழியாக வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஒருவரை நம்பலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

இந்த வாரம் பணம் கட்ட வேண்டாம். அந்த முன்பணத்தை எந்த வாரமும் கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

1999இல் தொடங்கிய புரோஸ், அதற்குப் பின்வந்த டிரான்ஸ்லேட்டர்ஸ்கஃபே போன்ற தளங்களில் சந்தா கட்டுபவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் இலவச உறுப்பினர்களுக்கு மேலே வரும். சில வேலை அறிவிப்புகளுக்கு மற்றவர்களை முந்தி விண்ணப்பிக்கலாம். வேலை கொடுக்கும் நிறுவனங்கள் ஒழுங்காகப் பணம் கொடுக்கின்றனவா என்று சக மொழிபெயர்ப்பாளர்கள் பதிந்துவைத்திருக்கும் விவரங்களை முழுமையாகப் பார்க்கலாம். புரோஸில் இந்த மூன்றாவது வசதிக்கு ப்ளூ போர்டு என்று பெயர். அந்த நிறுவனத்துடன் மறுபடியும் வேலை செய்வீர்களா என்ற ஒரே கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவார்கள். என் அனுபவத்தில் முதல் இரண்டு வசதிகள் வேலை வரலாம் என்ற நம்பிக்கையைத்தான் தருகின்றன. மூன்றாவதுதான் கைக்கு வந்த வேலையைக் காப்பாற்றுகிறது. வேலை கிடைக்கும் என்று எண்ணிப் பணம் கட்டுவோர் ஏமாறுவதும், யாரிடம் வேலை செய்யக் கூடாது என்று அறிந்துகொள்வதற்காகக் கட்டுவோர் பயனடைவதும் இதனால்தான்.

சந்தாத் தொகையை ஒரு சொல்லுக்கு நீங்கள் வாங்கும் கூலியால் வகுத்துப் பாருங்கள். விடை 5,000 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 2,500 சொற்கள் செய்யக்கூடியவருக்கு அது இரண்டு நாள் கூலிதான் என்பதால் பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே செலவழித்த ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு 20 நிமிடம் என்றாலும் 40 விண்ணப்பங்களுக்கு 800 நிமிடங்கள், அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் கூலியில்லாத உழைப்பு. பணம் கட்டியபின் கட்டிய பணத்தை எடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பில் இன்னும் அதிகமாக விண்ணப்பிப்பீர்கள், வழக்கத்தைவிடக் குறைந்த கூலிக்கும் ஒப்புக்கொள்வீர்கள். சந்தாவின் உண்மையான செலவு இதுதான்.

நாற்பதில் இரண்டு பதில் என்பது பட்டியலில் நீங்கள் கீழே இருப்பதால் மட்டும் நேர்ந்ததன்று. விண்ணப்பித்தபோது உங்கள் கடிதம் அவர்கள் கண்ணில் பட்டுத்தான் இருக்கும். ஆனால் படித்தவரின் கவனத்தை அது ஈர்க்கவில்லை. சுயவிவரத்தின் முதல் இரண்டு வரிகளில் 'எல்லாத் துறைகளும் செய்வேன்' என்பது போல எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு, நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரே துறையையும் அதில் செய்த வேலையின் சிறு மாதிரியையும் வையுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை.

பணம் கட்ட வேண்டாம் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தங்கள் மொழியிணை, அதாவது எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் பெயர்க்கிறார்கள் என்பது, அரிதானது என்பதால் பணம் கட்டினால் உடனே பலன் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அரிதான மொழியிணையில் பட்டியலைத் தேடுபவருக்கு இருபது முப்பது பேர்தான் கிடைப்பார்கள். அவர் அத்தனை பேரையும் பார்த்துவிடுவார், இலவச உறுப்பினரையும் சேர்த்து. அங்கே மேலே வருவதற்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் மொழியிணையில், மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக் கையேடு, காப்புரிமை ஆவணம் போன்ற குறுகிய துறை ஒன்றில் உங்களுக்கு உண்மையான தேர்ச்சி இருந்தால், அப்போதுதான் பட்டியலில் மேலே வருவது வேலையாக மாறும். தேடுபவர் மொழியிணையையும் துறையையும் சேர்த்துத் தேடுவார். முதல் பக்கத்தில் நீங்கள் இருந்தால் விளம்பரம் போடாமலேயே உங்களுக்கு எழுதுவார். ஆனால் துறைப் பட்டியலில் இருபது கட்டங்களையும் டிக் செய்துவிட்டு இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. உங்கள் கடிதத்தில் துறை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பதால்தான் இப்போது வேண்டாம் என்று சொன்னேன்.

இனி, சந்தாவைவிட எனக்கு அதிகக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய தளங்கள் சந்தாப் பணத்தைப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்தே வாங்குகின்றன. வேலை அறிவிப்புப் போடுகிறவர் பல இடங்களில் எதையும் கட்ட வேண்டியதில்லை, தாம் யார் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. பணம் கட்டுபவர் தம் பட்டம், சான்றிதழ், அனுபவம் எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டும். கட்டாதவர் ஒரு மின்னஞ்சல் முகவரியோடு வந்து அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போகலாம். இத்தனை ஆண்டுகளாகியும் இந்த ஏற்பாட்டை யாரும் மாற்ற முன்வராதது எனக்குப் பொறுக்கவில்லை.

அள்ளிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அறிவிப்பு ஒன்றுக்கு நான் அனுப்பிய தன்விவரக் குறிப்பில் மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, என் பெயரிலேயே ஒருவர் பல ஏஜென்சிகளிடம் வேலை வாங்கி, இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொடுத்திருக்கிறார். நான் பார்த்தே இராத ஒரு நிறுவனம், என் தரம் மோசம் என்று எனக்கு எழுதியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் போலி முகவரியை முதலில் பார்த்தபோது எனக்கே வேறுபாடு தெரியவில்லை. ஆங்கில எழுத்து எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்னும் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. இப்படிப்பட்டவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் திரட்டி வைத்திருக்கும் டிரான்ஸ்லேட்டர் ஸ்கேமர்ஸ் டைரக்டரி என்னும் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். முழுத் தன்விவரக் குறிப்பைப் பொதுவில் ஏற்றாதீர்கள். கேட்பவரின் முகவரி உண்மையான நிறுவனத்துடையது என்று உறுதியானபின் அனுப்புங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் அனுப்பியது என்பதையும், இந்த ஒரு முகவரியிலிருந்து மட்டுமே எழுதுவேன் என்பதையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிடுங்கள்.

தேர்வு என்ற பெயரில் பல பக்கங்களை இலவசமாகக் கேட்பவர்களுக்கு 300 சொற்களுக்கு மேல் செய்யாதீர்கள். ஒரே ஆவணத்தைத் துண்டு போட்டுப் பத்துப் பேரிடம் 'தேர்வு' வைத்து முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பில் தொகையைவிடக் கூடுதலான காசோலையைத் 'தவறுதலாக' அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்டால், ஒரு காசும் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்தக் காசோலை போலியென்று வங்கி சில வாரங்கள் கழித்துத்தான் சொல்லும், அதற்குள் உங்கள் பணம் போயிருக்கும்.

முன்பணம் கேட்பவரும் இதே வரிசையில் வருகிறார். அவர் உங்களை ஏமாற்றும் எண்ணமே இல்லாதவராக இருந்தாலும், அவர் கணக்கின் வழியாக நீங்கள் செய்யும் வேலைக்குரிய நற்பெயர் அவருக்குச் சேரும், பணி ஆணை அவர் பெயரில் வரும், கணக்கைப் பிறரோடு பகிர்வது தள விதிகளுக்கு மாறாக இருந்தால் கணக்கு முடக்கப்படும்போது உங்கள் கூலியும் அதனுள் சிக்கும். நிறுவனம் பணம் கொடுக்காவிட்டால் உங்கள் பெயரில் எந்த ஆவணமும் இராது, ப்ளூ போர்டில் குறை பதியவும் முடியாது. முன்பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பணி ஆணை என் பெயரில் வருமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதன்பின் அவரிடமிருந்து பதில் வந்தால் எனக்கு வியப்பாக இருக்கும்.

சலுகை முடிகிறது என்ற மின்னஞ்சலைக் கண்டு பதற வேண்டாம். ஐக்கிய நாடுகள் அவை 2017இல் உலக மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றுக்கொண்ட செப்டம்பர் 30ஐ ஒட்டியும் ஆண்டின் இறுதியிலும் இத்தகைய சலுகைகள் மறுபடியும் வருவது வழக்கம். சுயவிவரத்தைத் திருத்தி மூன்று மாதங்கள் பாருங்கள். விண்ணப்பிக்காமலேயே உங்களைத் தேடி எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். நான்கைந்து பேராவது எழுதி, அவர்களில் யாரை நம்புவது என்ற கேள்வி எழுந்தால், அப்போது சந்தா கட்டுங்கள். மாதச் சந்தா இருந்தால் அதையே எடுங்கள். ஆண்டுச் சந்தா மட்டும்தான் என்றால், பணம் கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட்டு, அணைத்ததைக் காட்டும் பக்கத்தைப் படமெடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.