பதில்: 1842 இரங்கல் குறிப்பில் ‘28 அல்ட்.’, ‘2 இன்ஸ்ட்.’ – எது சரியான தேதி?

நீங்கள் காட்டிய செய்தித்தாள் நறுக்கில் ஒருவர் ‘28 அல்ட்.’ அன்று இறந்தார், ‘2 இன்ஸ்ட்.’ அன்று அடக்கம் செய்யப்பட்டார் என்றிருக்கிறது; இவை எந்த மாதத் தேதிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இன்ஸ்ட். (இன்ஸ்டன்ட்) என்பதை ‘உடனடி’ என்று வாசித்ததுதான். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள்களில் அது ‘நடப்பு மாதம்’. அல்ட். (அல்டிமோ) போன மாதம், ப்ராக்ஸ். (ப்ராக்ஸிமோ) வரும் மாதம். நீங்கள் காட்டிய இதழ் 1842 மார்ச் 3 தேதியிட்டது. ஆகவே இறப்பு பிப்ரவரி 28, அடக்கம் மார்ச் 2. இறந்த நாளை நீங்கள் மார்ச் 28 என்று குறித்திருப்பதை மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதத்தை எப்போதும் இதழின் தேதியிலிருந்து கணக்கிட முடியாது. மாகாண வாரப் பத்திரிகைகள் லண்டன் தாள்களிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவார்கள், ‘இன்ஸ்ட்.’ஐத் திருத்தாமலே. ஜனவரி 30இல் எழுதிய செய்தி பிப்ரவரி 4 இதழில் வந்தால் ஒரு மாதமே பிசகிவிடும். கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த கடிதங்களில் இந்தப் பிசகு பல மாதங்களாகும். எனவே பத்தியின் தலையில் ஊர்ப்பெயரோடு தனித் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவே அடிப்படை.

கிழமை கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. 1842 பிப்ரவரி 28 திங்கட்கிழமை. நறுக்கில் ‘மண்டே’ என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேவாலயப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது அங்கே இருப்பது அடக்க நாள், இறந்த நாள் அல்ல. இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் அரசு இறப்புப் பதிவு உண்டு. அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் குறிப்பேட்டில் ‘28 அல்ட்.’ என்ற மூலச் சொல்லையும் அப்படியே எழுதி வையுங்கள்.