தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டும் ஊசியில் நிழல் விழுகிறதா?

மெஷினை ஜன்னலோரம் போட்டும் ஊசியில் நிழல் விழுகிறது, கறுப்பு பிளவுஸில் கறுப்பு நூல் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஜன்னல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி மெஷினைத் திருப்பிப் போடுங்கள். அது சரியாகிவிடும்.

நீங்கள் சொன்னபடி, இப்போது ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது. மெஷினின் கழுத்தும் சக்கரமும் ஊசிக்கு வலப்பக்கம்தானே நிற்கின்றன? பெரும்பாலும் அவைதான் வெளிச்சத்தை மறைக்கின்றன.

சந்தேகமிருந்தால் பகலில் ஊசிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் இதுதான் காரணம்.

ஆனால் இடப்பக்கமும் பின்பக்கமும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நான் அப்படிப் போட்டு, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது துணி சுவரில் முட்டிச் சுருண்டு தையல் கோணிப்போனது. இரண்டடியாவது விடுங்கள். அப்புறம், இரவில் விளக்கும் இடப்பக்கமே இருக்கட்டும்.