சுரண்ட வேண்டாம், சகோதரி

அன்புள்ள ஐயா,

தாத்தா ரஜூலா கப்பலில் கொண்டுவந்த முருகன் சிலை ஒன்று எங்கள் பட்டர்வொர்த் வீட்டில் இருக்கிறது. பஞ்சலோகம் என்றே கேட்டு வளர்ந்தோம். அண்மையில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையில் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "செம்பும் துத்தநாகமும்தான், தங்கமே கிடையாது, பித்தளை" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு மனசே சரியில்லை. பீடத்தின் அடியில் சுரண்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்கிறார் மாமா. சுரண்டாமல் பார்க்க முடியுமா? நியூட்ரான் வைத்துப் பார்ப்பார்கள் என்று படித்தேன். மற்றபடி சிலை நன்றாகவே இருக்கிறது. வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறோம். பாதத்தருகே மட்டும் வெளிர்பச்சையாகப் பொடி உதிரும், துடைத்துவிடுவோம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நகைக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தக் கருவி எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதிலுக்கு ஒரு எக்ஸ் கதிரை வெளியிடும். அதை வைத்து எந்த உலோகம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். கீறலே விழாது. சிக்கல் என்னவென்றால், செம்புக் கலவையில் அந்தப் பதில் ஒரு தலைமுடியின் கனத்துக்கும் குறைவான ஆழத்திலிருந்துதான் வரும். உங்கள் சிலையில் அந்த ஆழத்தில் இருப்பது பல்லாண்டுகளாகப் புளியில் ஊறிய மேல்தோல். பித்தளை என்பது அநேகமாகச் சரியாகவே இருக்கும். அவர் சொன்ன விழுக்காட்டைத்தான் நம்ப வேண்டாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்தவர் பெங்களூரின் ஷாரதா சீனிவாசன். அவற்றில் பெரும்பாலானவை செம்பு, வெள்ளீயம், காரீயம் கலந்தவை. தங்கமும் வெள்ளியும் இருந்தால் அது துளியளவுதான். தங்கம் தெரியவில்லை என்பதால் தாத்தா ஏமாந்துவிட்டார் என்று ஆகிவிடாது.

சரி, நியூட்ரான். அணுக்கருவுக்குள் இருக்கும் அந்தத் துகளுக்கு மின்னேற்றம் கிடையாது. எலெக்ட்ரான்களைக் கண்டுகொள்ளாமல் நேராக அணுக்கருவோடுதான் அதற்குப் பேச்சு. அதனால் எக்ஸ் கதிரைத் தடுக்கும் காரீயத்தைச் சுலபமாகக் கடந்துபோகும். ஆனால் ஹைட்ரஜனிடம் நன்றாக மாட்டிக்கொள்ளும். உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் மெழுகு, மரம், ஈரம் எல்லாம் தெரிவது அதனால்தான். நியூட்ரான் சிதறும் கோணங்களை அளந்தால், உலோகம் வார்த்தபடியே இருக்கிறதா, தட்டி வடித்ததா என்றுகூடச் சொல்லலாம்.

கோலாலம்பூரிலிருந்து பாங்கி பக்கம்தான். அங்கே நியூட்ரான் தரும் 1 மெகாவாட் அணு ஆய்வு உலை ஒன்று 1982 முதல் இயங்குகிறது, பெயர் ரியாக்டர் டிரிகா புஸ்பதி. நியூட்ரான் படம் எடுக்கும் வசதியும் அங்கே உண்டு. ஆனாலும் வீட்டுச் சாமியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கும் இடமல்ல அது. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: நியூட்ரான் பட்ட பொருளில் கொஞ்ச நேரம் கதிரியக்கம் தங்கும். செம்பில் உண்டாகும் செம்பு-64 என்ற கதிரியக்க வகை (ஐசோடோப்பு) 12.7 மணி நேரத்தில் பாதியாகிவிடும், சில நாளில் அடங்கிவிடும். வெள்ளியிலும் துத்தநாகத்திலும் உண்டாகும் சில ஐசோடோப்புகள் பாதியாகவே ஏறக்குறைய எட்டு மாதம் ஆகும். அளவு மிகக் குறைவுதான், ஆனாலும் அளந்து பார்த்த பிறகே பொருளைத் திருப்பித் தருவார்கள். "சேதமில்லாத" என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு காத்திருப்பும் உண்டு.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி. வெளிர்பச்சைப் பொடி உதிர்வது நல்ல அறிகுறி அல்ல. பழைய சிலையின் மேல் கெட்டியாக, வழவழவென்று படிந்திருக்கும் பச்சை வேறு. அது பெரும்பாலும் உலோகத்துக்குக் காவல். பொடியாகக் கொட்டுவது குளோரைடு அரிப்பாக இருக்கலாம். உப்பு உலோகத்துக்குள் போய்விட்டால் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். பட்டர்வொர்த் கடற்காற்றில் உப்புக்கும் குறைவில்லை, ஈரத்துக்கும் குறைவில்லை.

இதற்கு உலை வேண்டாம், ராமன் நிறமாலைக் கருவி போதும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவுதான்: ஒரே நிற ஒளி பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் சற்று மாறும், அந்த மாற்றம் ஒவ்வொரு சேர்மத்துக்கும் வேறு. வெறும் உலோகத்திடம் இது பலிக்காது. அரிப்புப் படலத்தை மட்டும் மாலகைட்டா (செம்பின் பச்சைக் கார்பனேட்), குளோரைடா என்று பிரித்துக் காட்டிவிடும்.

ஆகவே புளியை இப்போதைக்கு நிறுத்துங்கள். அபிஷேகம் செய்தால் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து முழுக்க உலர்த்துங்கள். உதிரும் பொடியை இனி வீசாமல் சின்னப் புட்டியில் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழக வேதியியல் துறை ஒன்றில் கேட்டுப் பாருங்கள். ஒரு சிட்டிகை போதும், பீடத்தில் யாரும் கைவைக்க வேண்டியதில்லை. மாமாவிடமும் சொல்லிவிடுங்கள்.