மெடெயின் போகிறவருக்கு: எஸ்கோபார் டூர் போகலாமா?

கேள்வி: கம்பெனி வேலையாக மூன்று வாரம் கொலம்பியாவில் மெடெயின் நகரில் தங்கப் போகிறேன். பாப்லோ எஸ்கோபார் பற்றிய தொடரைப் பார்த்ததிலிருந்து அந்த இடங்களை நேரில் பார்க்க ஆசை. அங்கே 'எஸ்கோபார் டூர்' நடத்துகிறார்களாம், போகலாமா? நண்பர்கள் எஸ்கோபார் படம் போட்ட டி-ஷர்ட் கேட்கிறார்கள், வாங்கலாமா? ஊர்க்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? – சென்னையிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் தெளிந்துவிடும்.

நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மெடெயின் போதைக் கும்பலின் தலைவனான எஸ்கோபார் 1993 டிசம்பர் 2 அன்று, அதே ஊரில் ஒரு வீட்டுக் கூரைமேல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நமக்குப் பழைய கதை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் இருப்பாரே, அவருக்கு அது பள்ளிக்கூட நாட்கள். 1991-ல் மட்டும் மெடெயினில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 1989 நவம்பரில் பொகோட்டாவிலிருந்து கிளம்பிய அவியாங்கா விமானம், அவன் கும்பல் வைத்த குண்டு நடுவானில் வெடித்துச் சிதறியதில் உள்ளே இருந்த 107 பேரும் இறந்தார்கள். நீதித்துறை அமைச்சர், அதிபர் வேட்பாளர், பத்திரிகை ஆசிரியர் என்று அந்தக் கும்பல் கொன்றவர்களில் பெயர் தெரிந்தவர்களின் பட்டியலே நீளம். பெயர் தெரியாத போலீஸ்காரர்களும் கடைத்தெருவுக்குப் போனவர்களும் எத்தனையோ பேர். நீங்கள் சிரித்துக்கொண்டே "பாப்லோ ஊரா!" என்று கேட்கும்போது, எதிரில் இருப்பவர் வீட்டில் யாரை இழந்தார்களோ, உங்களுக்குத் தெரியாது. அவரே பேச்செடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நிறையக் கேளுங்கள்.

அப்புறம் டூர். எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அவனுடைய கல்லறையில் நிறுத்தி செல்ஃபி எடுக்க வைத்து, துப்பாக்கிக் கதைகளைச் சினிமா பாணியில் சொல்லும் டூர்கள் உண்டு. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. 2017-ல் அமெரிக்க ராப் பாடகர் விஸ் கலீஃபா அந்தக் கல்லறைக்குப் போய்ப் படம் எடுத்துப் போட்டதற்கு நகர மேயரே கொதித்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ஊரின் மனநிலை புரிகிறதா?

அதற்குப் பதில் ஒரு முழு நாளை இப்படிச் செலவிடுங்கள். வெளிநாட்டவர் பெரும்பாலும் தங்குவது எல் பொப்லாதோ பகுதியில். அங்கேதான் எஸ்கோபார் குடும்பம் வாழ்ந்த மொனாகோ கட்டடம் இருந்தது. 1988-ல் எதிரிக் கும்பல் கார்குண்டு வைத்த கட்டடம். பாழடைந்து கிடந்ததைப் பார்க்க வேன் வேனாகச் சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்ததும், 2019 பிப்ரவரியில் நகராட்சி அதை வெடிவைத்துத் தகர்த்தது. இப்போது அந்த இடத்தில் 'இன்ஃப்ளெக்சியோன்' என்ற நினைவுப் பூங்கா. அங்கே ஒரு சுவர் இருக்கிறது. அதில் 46,612 துளைகள். 1983-லிருந்து 1994 வரை போதைக் கும்பல் வன்முறைக்குப் பலியான ஒவ்வொருவருக்கும் ஒரு துளை. எண்ணிப் பாருங்கள், நூறைத் தாண்டுவதற்குள் கண் தடுமாறிவிடும். அவசரமில்லாமல் ஒரு அரைமணி நேரம் அங்கே நில்லுங்கள்.

அங்கிருந்து 'காசா தே லா மெமோரியா' அருங்காட்சியகம். அனுமதி இலவசம். எஸ்கோபாரோடு நிற்காமல், நாட்டின் நீண்ட உள்நாட்டுப் போரையும் சேர்த்து, பாதிக்கப்பட்டவர்களின் குரலிலேயே சொல்கிறார்கள்.

கொமுனா 13 என்ற குடியிருப்புக்கும் கட்டாயம் போவீர்கள். சுவரோவியங்களும் மலைச்சரிவில் ஏறும் திறந்தவெளி எஸ்கலேட்டரும் பிரபலம். அங்கே கவனம் தேவை, ஏனென்றால் பலர் அந்த இடத்தையும் எஸ்கோபார் கதையில் சேர்த்து விற்கிறார்கள். அந்தக் குடியிருப்பு பட்ட பெரிய அடி அவன் செத்து ஒன்பது வருஷம் கழித்து, 2002 அக்டோபரில், கெரில்லாக்களை விரட்ட ராணுவம் நடத்திய 'ஒரியோன்' நடவடிக்கையில் விழுந்தது. அந்த நாட்களில் காணாமல் போனவர்களை மலைமேல் உள்ள 'எஸ்கொம்ப்ரேரா' என்ற கட்டட இடிபாட்டுக் கிடங்கில் புதைத்தார்கள் என்று தாய்மார்கள் இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024 டிசம்பரில் அங்கே எலும்புகள் கிடைத்தன. அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டியைத் தேடிப் பிடியுங்கள். இந்தத் தாய்மார்களைப் பற்றிச் சொல்கிறாரா என்று பாருங்கள், அதுவே நல்ல வழிகாட்டிக்கு அடையாளம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எஸ்கோபாரைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. 1980-களில் குப்பைமேட்டில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டிக்கொடுத்தான். இன்றும் அந்தக் குடியிருப்புக்கு அவன் பெயர்தான். அரசு எட்டிப் பார்க்காத இடத்தில் கூரை கிடைத்தவரிடம் போய் நீங்கள் நியாயம் பேச முடியாது, பேசவும் வேண்டாம். ஆனால் கூலிக்குக் கொலை செய்யும் பையன்களையும் இப்படிப்பட்ட ஏழைக் குடியிருப்புகளிலிருந்துதான் அவன் எடுத்தான். வீடு கொடுத்த கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நீர்யானைகளைப் பற்றியும் கேட்பீர்கள். தன் நாப்போலெஸ் பண்ணைக்கு அவன் கொண்டுவந்தது நாலு. அவை பெருகி மக்தலேனா ஆற்றுப் படுகையில் பரவி, 2023 கணக்கில் 170-ஐ நெருங்கிவிட்டன. அறுபதை நம் குஜராத்துக்கு அனுப்பப் போவதாகக்கூட அந்த வருஷம் அறிவித்தார்கள். பண்ணை இப்போது கேளிக்கைப் பூங்கா. மெடெயினிலிருந்து காரில் சில மணி நேரம். போவது உங்கள் விருப்பம். ஆற்றங்கரையில் மட்டும் கிட்டே போகாதீர்கள், அது மனிதரைத் தாக்கும் விலங்கு.

இரவில் யாராவது போதைப்பொருளை நீட்டினால் நிற்காமல் நடந்துவிடுங்கள். அவன் போனதோடு அந்தத் தொழில் போய்விடவில்லை. ஐ.நா. கணக்குப்படி 2023-ல் கொலம்பியாவில் கொக்கெய்ன் எடுக்கும் கோக்கா செடி 2,53,000 ஹெக்டேரில் பயிரானது, அதுவரை இல்லாத அளவு. அந்நியர் தரும் பானத்தையும் குடிக்க வேண்டாம், மயக்கமருந்து கலந்து கொள்ளையடிக்கிறார்கள். "பப்பாளியைக் கொடுக்காதே" என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. ஏமாற்றுபவனுக்கு நீயே வழிவிடாதே என்று அர்த்தம். போனைக் கையில் ஆட்டிக்கொண்டு தெருவில் நடப்பதும் அதில் சேர்த்தி.

சரி, டி-ஷர்ட். தெருக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். வாங்க வேண்டாம். அவன் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்யக் கேட்ட நிறுவனத்தின் மனுவை, ஒழுக்கத்துக்கு விரோதம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. கொலம்பிய நாடாளுமன்றத்திலும் இந்தப் பொருட்களைத் தடை செய்ய மசோதா கொண்டுவந்தார்கள்.

நண்பர்களுக்கு எஸ்கோபார் என்ற பெயர்தான் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. மெடெயினில் பிறந்த இன்னொரு எஸ்கோபார் உண்டு, கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ். பாப்லோவுக்கு உறவில்லை. 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகச் சொந்த கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டு ஊர் திரும்பியவர், சில நாட்களிலேயே, ஜூலை 2 அன்று, அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 27 வயது. கொலம்பிய அணியின் மஞ்சள் ஜெர்சியில் எண் 2 அவருடையது. அதை வாங்கி வாருங்கள். விமான நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால், ஊர்க்காரர் யாராவது தாமாகவே வந்து பேசுவார்.