காற்றா, தூக்கமா?

அன்புள்ள ஐயா,

2017–18-இல் நடந்த வால்வோ ஓஷன் ரேஸ் என்ற, உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எல்லா அணிக்கும் ஒரே வடிவில் 65 அடிப் படகு, ஒரே வானிலைத் தகவல். அப்புறம் ஜெயிப்பது காற்றின் அதிர்ஷ்டம்தானே?

– ரா.

அன்புள்ள ரா.,

அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் உங்கள் கணக்கில் தூக்கம் விட்டுப்போயிருக்கிறது.

அந்தப் படகுகளில் நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் ஓய்வு. ஓய்வும் பெயருக்குத்தான். நனைந்த உடுப்பைக் கழற்றி, உலர் உணவில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அதில் பெரும்பங்கு போய்விடும். ஒருவர் எழுந்த படுக்கையில் சூடு ஆறுமுன் அடுத்தவர் படுப்பார்.

காற்று மறுபக்கத்திலிருந்து வரும்படி படகைத் திருப்பினால், மாற்றுப் பாய்கள், உணவுப் பைகள், கருவிகள் என்று எல்லாவற்றையும் காற்றடிக்கும் பக்கத்துக்கு ஆட்கள்தான் தூக்கி அடுக்க வேண்டும். அந்த எடை இல்லாவிட்டால் படகு அதிகம் சாயும், வேகம் குறையும். தூங்குகிறவர்களையும் எழுப்பித்தான் ஆக வேண்டும். இருட்டில், உப்புத் தண்ணீர் முகத்தில் அறைய, ஒரே இரவில் இதை ஐந்தாறு முறை செய்வதை நினைத்துப் பாருங்கள். அதனால் 'இப்போது திருப்பலாமா?' என்ற கேள்விக்கு மைல் கணக்கு பாதிப் பதில்தான். நாளைக்குச் சுக்கான் பிடிப்பவர் தெளிவாக இருப்பாரா என்பது மீதி.

2018 ஜூனில் கடைசிக் கட்டம், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து நெதர்லாந்தின் தி ஹேக் வரை. டோங்ஃபெங், மாப்ஃப்ரே, புருனெல் மூன்று அணிகளும் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு நின்றன. வழியில் படகுகள் நுழையக் கூடாத கப்பல் தடம் ஒன்று. மற்ற இரண்டும் அதற்கு வெளியே ஆழ்கடல் பக்கம் போக, சார்ல் கோட்ரெலியே தலைமையிலான டோங்ஃபெங் கரையோரம் இறங்கியது. பிரிந்த பின் நினைத்த நேரத்தில் இந்தப் பக்கம் தாவ முடியாது. எட்டு மாதம் ஓடிக் களைத்தவர்கள் அப்படி ஒரு முடிவில் நிற்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். தலைவர் சொன்ன திசையில் நம்பிக்கை இல்லாதவன் பாயை அரை மனதோடுதான் இழுப்பான்.

அந்த முறை அதுவரை ஒரு கட்டத்தைக்கூட வெல்லாத டோங்ஃபெங் அன்று முதலில் வந்து கோப்பையையும் எடுத்தது. அந்த அணியின் கரோலைன் பிரௌவரும் மரி ரியூவும் இந்தப் போட்டியை வென்ற முதல் பெண்கள் ஆனார்கள். மாப்ஃப்ரேயை முந்தியது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.