சுரங்கத்தை ஒட்டிய வயலில் நிலக்கடலை வெளுப்பது ஏன்?

கேள்வி: ஐயா, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. மார்கழிப் பட்டத்தில் ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை விதைத்தேன். இப்போது செடிக்கு 35 நாள் ஆகிறது. கொழுந்து இலைகள் மஞ்சளாகிவிட்டன. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. பள்ளமான இடங்களில் இலை முழுவதுமே வெளுத்துவிட்டது. கடையில் சொன்னபடி யூரியா போட்டேன், பிறகு பூஞ்சண மருந்தும் அடித்தேன். பச்சை திரும்பவில்லை. கிணற்றில் நீர் கீழே போய்விட்டதால் சுரங்கக் குழியில் தேங்கும் நீரைத்தான் இப்போது பாய்ச்சுகிறோம். லாரித் தூசிதான் காரணம் என்கிறார் என் மாமனார். வழக்கம்போல ஜிப்சம் போடலாமா? மண்ணே கெட்டுவிட்டது என்றால் நிலத்தை விற்றுவிடலாமா?

பதில்: அம்மா, விற்கும் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் இரும்புச்சத்துப் பற்றாக்குறையைத்தான் காட்டுகின்றன. நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவதும், அது கொழுந்தில் தொடங்குவதும் அதற்கே உரிய அடையாளம். தழைச்சத்து குறைந்திருந்தால் அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். அதனால்தான் யூரியா போட்டும் பலன் இல்லை. கந்தகம் குறைந்தால் கொழுந்து வெளுக்கும், ஆனால் நரம்பும் சேர்ந்து வெளுக்கும். மொட்டுக் கருகல் நச்சுயிரி என்றால் நுனி கருகிச் செடி குட்டையாகும். பூஞ்சணத்துக்கு இதில் வேலையே இல்லை. அந்த மருந்தை இனி வாங்காதீர்கள்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. வேருக்கு எட்டாதபடி அது பூட்டப்பட்டுக் கிடக்கிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் உங்கள் பகுதி கடலடியாக இருந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறை சிதைந்து உண்டான சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த மண்ணில் கார நிலை (pH) 8-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த நிலையில் இரும்பு நீரில் கரையாது. ஆகவே மண் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் இயல்பே அதுதான். உங்கள் பாட்டனார் காலத்திலும் அது சுண்ணாம்பு மண்தான்.

அப்படியானால் இப்போது ஏன் இவ்வளவு வெளுப்பு? எனக்கு முதல் சந்தேகம் குழி நீரின் மேல்தான். சுண்ணாம்புப் பாறையில் தேங்கும் நீரில் பைகார்பனேட் மிகுதியாக இருக்கும். அது வேரடியில் சேரும்போது, செடி இரும்பை எடுப்பதும் எடுத்த இரும்பைப் பயன்படுத்துவதும் தடைபடும். நீர் தேங்கினால் பாதிப்பு இன்னும் கூடும். பள்ளத்தில் வெளுப்பு அதிகம் என்று நீங்கள் எழுதியது இதற்கு ஒத்துப்போகிறது. குழி நீர் எளிதாகக் கிடைக்கிறது என்று அடிக்கடி பாய்ச்சாதீர்கள். மேல்மண் காய்ந்த பிறகு பாய்ச்சுங்கள். பள்ளத்தில் நிற்கும் நீரை வாய்க்கால் வெட்டி இன்றே வடித்துவிடுங்கள். கிணற்றில் ஊறும் கொஞ்ச நீரையும் குழி நீரோடு மாற்றி மாற்றிக் கொடுத்தால் நல்லது.

என் பேச்சை நம்பி வயல் முழுவதும் செலவு செய்ய வேண்டாம். மிகவும் வெளுத்த ஒரு பாத்தியில் மட்டும் முதலில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்த நீரைத் தெளித்துப் பாருங்கள். நான்கைந்து நாளில் இலையில் பச்சை ஏறினால் இரும்புதான் குறை என்பது உறுதி. ஏறாவிட்டால் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்துக்குப் போங்கள்.

தெளிக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். 10 லிட்டர் நீருக்கு அன்னபேதி உப்பு 100 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம் போதும். இலை மிக இளசாக இருந்தால் முதல் முறை உப்பைப் பாதியாகக் குறையுங்கள். கடையில் உப்பு இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறிய தூளை வாங்காதீர்கள். கரைப்பதற்குக் குழி நீர் கூடவே கூடாது, டேங்கிலேயே இரும்பு துருவாகப் படிந்துவிடும். மழைநீர் சேமித்திருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால் ஊரில் பருப்பு சீக்கிரம் வேகும் நீர் எதுவோ அதை எடுங்கள். முதலில் சிட்ரிக் அமிலம், பிறகு உப்பு என்ற வரிசையில் கரையுங்கள். கரைசல் துரு நிறமாக மாறினால் கொட்டிவிட வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், வேறு மருந்தோடும் கலக்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு, கொழுந்து நன்றாக நனையும்படி தெளியுங்கள். இரும்பு ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு நகராது; அடுத்து வரும் கொழுந்து மறுபடியும் வெளுத்தே வரும். அதனால் 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தே ஆக வேண்டும். பூவிலிருந்து விழுது மண்ணில் இறங்கும் பருவத்துக்குள் இலை தேறிவிட்டால் காய் பிடிப்பதைப் பெருமளவு காப்பாற்றிவிடலாம்.

ஜிப்சம் பொதுவாக நிலக்கடலைக்கு மிக நல்லது. ஆனால் உங்கள் மண்ணில் சுண்ணாம்புச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. பரிசோதனையில் கந்தகம் குறைவு என்று வந்தால் மட்டும் கொஞ்சம் போடலாம். இல்லையேல் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமான டிஏபியும் இப்போது வேண்டாம். அந்தச் சத்து மிகுந்தால் இரும்பு இன்னும் எட்டாமல் போகும்.

அடுத்த பட்டத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அன்னபேதி உப்பை நேரடியாக இந்த மண்ணில் போட்டால் சில நாட்களில் அதுவும் பூட்டப்பட்டுவிடும். ஏக்கருக்கு 10 கிலோ உப்பை 300 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு பிசைந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் குவித்து வைத்து, பிறகு அடியுரமாக இடுங்கள். கடைகளில் கிடைக்கும் இடிடிஏ இரும்பு (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) இலையில் தெளிப்பதற்குச் சரி, ஆனால் சுண்ணாம்பு மண்ணில் இட்டால் வீண். பயிரை மாற்ற நினைத்தால் பருத்தியைப் பாருங்கள். சோளம் இதே குறைக்கு ஆளாகும்.

இனி உங்கள் மாமனார் சொன்ன தூசி. அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறு கேடு. தூசியால் வந்த பாதிப்பு சாலையோர வரிசைகளில் கடுமையாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். இலையை விரலால் துடைத்தால் அடியில் பச்சை தெரியும். அது வெயிலை மறைத்து, இலைத்துளைகளை அடைத்து, விளைச்சலைக் குறைக்கும். நல்ல நீரால் மாலையில் இலையைக் கழுவலாம். சாலை ஓரத்தில் புங்கன், வேம்பு, நொச்சி ஆகியவற்றை நெருக்கமாக வையுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சாலையோரத் தழையைக் கழுவாமல் போடாதீர்கள்.

ஆனால் உங்கள் செலவில் தூசியைக் கழுவிக்கொண்டே இருப்பது நியாயமாகாது. லாரிக்குத் தார்ப்பாய் மூடுவதும் சாலையில் நீர் தெளிப்பதும் சுரங்கம் நடத்துவோரின் பொறுப்பு. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, குத்தகைதாரர்கள் செலுத்தும் பணத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை இயங்குகிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான நிதி அது. குடிநீருக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் அதைக் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். மனுவில் மட்டும் வயல் முழுவதும் வெளுத்ததைத் தூசியின் கணக்கில் எழுதாதீர்கள். ஆய்வுக்கு வருபவர் உள்வயலில் தூசி இல்லாததைக் காட்டி மொத்த மனுவையும் தள்ளிவிடுவார். சாலையோர வரிசைகளைத் தேதியோடு படம் எடுத்து, அந்த இழப்பை மட்டும் எழுதுங்கள். கிணறு வற்றியதைத் தனி மனுவாகக் கொடுங்கள்.

மண்ணையும் நீரையும் இந்த வாரமே பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வயலில் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்த மண்ணைக் கலந்து அரை கிலோ போதும். வெளுத்த இடத்து மண்ணைத் தனிப் பையில் வையுங்கள். குழி நீர், கிணற்று நீர் இரண்டிலும் ஒவ்வொரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து அன்றே கொடுங்கள். கார நிலை, உப்புத்தன்மை ஆகியவற்றோடு பைகார்பனேட் அளவும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள் அம்மா, குழி நீரை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.